ஐந்துக்கு அடியில் இரண்டு

பளபளவென்று மின்னும் வெள்ளியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், துலக்கி வைத்த குங்குமச் சிமிழைக் கண்டதும் என் முகம் கடுகடுவென்று ஆகிவிடுகிறதாம். என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஆகாமல் என்ன செய்யும்? அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்து செய்த காரியத்துக்கு நான் முகம் கடுகடுத்ததோடு விட்டதே பெரிது. அதற்கு அவர் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும்.

போர்ட் பிளேயரில், அந்தமான் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் எனக்கு வேலை. வீட்டுக்காரர் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அங்கேயே குவார்ட்டர்ஸ். நாள் முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தமிழில் பாதி, இந்தியில் பாதி கத்துவதுதான் என் பிழைப்பு. "சீட் நஹீ ஹைன்னா நஹீ ஹை! இல்லன்னா இல்ல! கடல் கொந்தளிச்சா நான் என்னங்க பண்ணுவேன்? போய்க் கடல்கிட்ட கேளுங்க!" இப்படிக் கத்திக் கத்தித் தொண்டையே அதற்குப் பழகிவிட்டது. வீட்டிலாவது மெதுவாகப் பேசு என்பார்கள். இது வீடு, அது கவுண்டர் என்று தொண்டைக்குத் தெரியுமா?

எனக்கு இருப்பது ஒரே ஒரு பைத்தியம், காசுப் பைத்தியம். செலவு பண்ணுகிற காசு இல்லை, தப்பாக அடித்த காசு. எண் இரண்டு முறை பதிந்த ரூபாய், நடுவிலிருந்து நழுவி ஓரத்தில் பிறை மாதிரி வெறுமையாக நிற்கிற ஐந்து ரூபாய், இப்படிச் சில என்னிடம் இருக்கின்றன. வீட்டில் இதை யாரும் மதித்தது கிடையாது. "செல்லாக் காசைச் சேத்து வெக்கிறா" என்று நாத்தனார் சொல்லுவார். செல்லும் அண்ணி, எல்லாம் செல்லும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

தப்பான காசுகளிலேயே ராஜா என்றால் அமெரிக்காவின் பழைய வெள்ளிக்காசுகள்தான், அந்த நாடு உருவான புதிதில் அடித்தவை. ஒரு ஆள் உட்கார்ந்து, எஃகு அச்சில் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். அதுவும் இடத்தை வலமாக, வலத்தை இடமாக மாற்றி. கை தவறாமல் இருக்குமா? தவறியது. ஆறு என்ற எண்ணைத் தலைகீழாக இறக்கிவிட்டு, பிறகு விழித்துக்கொண்டு, அதன்மேலேயே நேரான ஆறை இறக்கியிருக்கிறார்கள். நல்ல எஃகு லேசில் கிடைக்காத காலம். பாடுபட்டு வெட்டிய அச்சைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? தப்பின் மேலேயே சரியை அடித்து, அந்த அச்சை வைத்தே காசு போட்டார்கள். அடியில் இருக்கும் தப்பு எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காக அடித்த காசை விட்டுவிட்டு, சேகரிக்கிறவர்கள் அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அதில் என்ன பிடிக்கும் என்றால், அந்த ஆளின் நேர்மை. தப்புப் பண்ணினான், திருத்தினான், பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். எந்த மனிதன் இன்றைக்கு அப்படி இருக்கிறான்?

இதையெல்லாம் நான் படங்களில் மட்டுமே பார்த்திருந்தேன். நிஜமான ஒன்றை என் கவுண்டருக்கே கொண்டுவந்து கொடுத்தவர், தீவுகளின் தெற்குக் கோடியில் கேம்பல் பே என்ற ஊரில் இருக்கிற ஒரு பெரியவர். பழைய ராணுவக்காரர், மெக்கானிக்காக இருந்தவர். தென்னையும் பாக்குமாக ஒரு தோட்டம் வைத்திருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் மெயின்லேண்டில். போர்ட் பிளேயருக்கு வரும்போதெல்லாம் திரும்பிப் போக என்னிடம்தான் டிக்கெட் எடுப்பார். அங்கிள் என்று கூப்பிடுவேன். நான் கத்தினால் சிரிக்கிற ஒரே பயணி அவர்தான். "எங்க சுபேதாரும் இப்படித்தான் கத்துவாரும்மா, கேட்டு ரொம்ப நாளாச்சு" என்பார்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் நான் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு காசை நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அரே, என்கிட்டயும் ஒரு வெள்ளிக்காசு கெடக்கும்மா" என்றார். எப்போதோ ஒரு வெள்ளைக்காரனின் பாய்மரப் படகு கடல் கொந்தளிப்புக்கு ஒதுங்கிக் கேம்பல் பேயில் நின்றதாம். எஞ்சின் ஓடவில்லை. இவர் சரிசெய்து கொடுத்தார். கூலி வேண்டாம் என்றதற்கு, அவன் தன் கழுத்தில் தொங்கிய பையிலிருந்து இந்தக் காசை எடுத்துக் கையில் திணித்துவிட்டுப் போனான். அடுத்த முறை வரும்போது கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்தார்.

கருத்துப்போன பெரிய காசு. ஒரு பக்கம் தொப்பி போட்ட பெண்ணின் முகம், சுற்றி நட்சத்திரங்கள், கீழே 1807. மறுபக்கம் சிறகை விரித்த கழுகு. கழுகுக்குக் கீழே, அரை டாலர் என்று காட்ட, ஐம்பது என்ற எண். லென்ஸை வைத்தேன். ஐந்தின் இடுப்புக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு வளைவு, அடியில் ஒரு கோடு. இரண்டு! ஐம்பதுக்குப் பதில் இருபது என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதன்மேல் ஐந்தை இறக்கியிருக்கிறான். "அங்கிள், இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று நான் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் கப்பல்தான் கேன்சலாகிவிட்டதோ என்று பதறிப்போனார்கள்.

அவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தெரியலம்மா. நடுவுல கருப்பா ஒரு பொட்டு வந்து உக்காந்துக்குது. நான் எங்க பாக்கறேனோ கரெக்டா அங்க உக்காந்துக்குது. ஓரமெல்லாம் தெரியுது, பாக்கறது மட்டும் தெரியல." மெயின்லேண்டில் கண்ணுக்குள் ஊசி போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "இத்தன வருசம் வீட்டுல கெடந்துச்சு. கண்ணு நல்லா இருந்தப்ப பாக்கல பாரு. பெரிசா எங்கயாச்சும் போட்டுக் காட்டினா பாத்துருவேன். ஒரு தடவ பாத்தா போதும்."

கணினியில் மாட்டுகிற சின்ன மைக்ரோஸ்கோப் ஒன்று உண்டு. அதை வைத்து டிவியில் போட்டால் அந்த ஐந்து திரை முழுக்க வந்து நிற்கும். நான் காட்டுகிறேன், என் பொறுப்பு என்று சொன்னேன். அவர் காசை என்னிடமே விட்டுவிட்டுக் கப்பலேறினார். ஆன்லைனில் ஆர்டர் போடப் போனால், உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை என்று வந்தது. இந்தத் தீவில் இருக்கிறவன் மனுஷன் இல்லையா? கடைசியில் சென்னையில் இருக்கிற என் தம்பி வாங்கி, கப்பலில் வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. மழைக்காலம், அந்தக் கப்பலும் இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போனது. காசை ஒரு பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, பீரோ லாக்கரில், வெள்ளிச் சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். வீட்டிலேயே பூட்டுகிற இடம் அது ஒன்றுதான்.

இதற்கு நடுவில் வரலட்சுமி நோன்பு வந்தது. இதே ஊரில் மின்னி பே பக்கம் இருக்கிற நாத்தனார் வீட்டில் மழைக்குக் கூரை ஒழுகியதால், நோன்பை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று வந்து சேர்ந்தார். வரட்டும், நல்ல காரியம்தானே. முந்தின நாள் நான் டியூட்டியில் இருந்தேன். நாத்தனார் தன் தம்பியிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சாவி வாங்கி, லாக்கரைத் திறந்து, விளக்கு, சிமிழ், கிண்ணம் எல்லாம் எடுத்திருக்கிறார். பக்கத்தில் டப்பியில் ஒரு வெள்ளிக்காசு, கன்னங்கரேல் என்று. நோன்புக் கலசத்துக்குள் அரிசியோடு வெள்ளிக்காசு போடுவது வழக்கம். அந்தக் காசு கருத்திருக்கலாமா? அத்தனையையும் பையில் அள்ளிக்கொண்டு பஜாரில் பாலிஷ் போடுகிற கடைக்குப் போய், மெஷினில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நோன்பன்று நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அந்தக் கலசத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். உள்ளே என்ன கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மைக்ரோஸ்கோப் வந்த அன்று டப்பியைத் திறந்தேன். கடையில் புதிதாக வாங்கிய எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை, யாரோ காசை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். லென்ஸை வைத்தேன். தொப்பிக்காரியின் மூக்கும் கன்னமும் வழித்துவிட்ட மாதிரி மொழுமொழுவென்று இருந்தன. ஐந்து இருந்தது. ஐந்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. இருநூறு வருஷம், எத்தனையோ கை, எத்தனையோ கடல் தாண்டி வந்த அந்த மெல்லிய வளைவு, பஜாரில் ஒரு சக்கரத்துக்குப் போய்விட்டது.

"ஏங்க!" என்று நான் கத்தியது கப்பல்துறை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் வந்து நின்றார். டப்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க! வாயில என்ன கொழுக்கட்டையா?"

தெரியுமாம். நோன்பு முடிந்து கலசத்தைப் பிரித்தபோதே பார்த்துவிட்டாராம். பார்த்து, துடைத்து, டப்பியில் போட்டு, பூட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி வாரக்கணக்கில் என் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கல்லுளிமங்கன்!

நாத்தனாரைப் போனில் பிடித்தேன். நான் போனில் பேசுவது பிடிக்காமல் ஆட்டோ பிடித்து நேரிலேயே வந்துவிட்டார்.

"தாயார் மொகம் கருத்துக் கெடந்தா குடும்பத்துக்கு ஆகுமா? நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார்.

"எந்தத் தாயார் அண்ணி?"

"காசுல இருக்காளே. தலையில கிரீடம், சுத்தி நட்சத்திரம், அவ்ளோ லட்சணமா. திருப்பினா கருடன் வேற. பெருமாள் கோயில் காசுன்னு நெனச்சேன்."

"அது கிரீடம் இல்ல, தொப்பி! அமெரிக்காக்காரி! அது கருடன் இல்ல, கழுகு!"

"அமெரிக்காக்காரியா இருந்தா என்ன, வெள்ளிதானே? பொட்டு வெச்சுக் கும்பிட்டா கொறஞ்சா போயிருவா?"

தலையில் அடித்துக்கொண்டேன். அவரிடம் என்ன சொல்லி என்ன புரியவைப்பது? "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று தம்பியிடம் எனக்குக் கேட்கும்படியே முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எவனோ வெள்ளைக்காரன் தப்புப் பண்ணினா பூதக்கண்ணாடி வெச்சுக் கும்பிடுற. வீட்டு மனுசங்க தெரியாம ஒரு தப்புப் பண்ணினா மட்டும் ஆகாதாக்கும்?" என்றார்.

"அவன் மறைக்கல அண்ணி!" என்று கத்தினேன். "தப்பு யாரு வேணா பண்ணலாம். அவன் அதை எல்லாரும் பாக்கற மாதிரி அப்படியே வெச்சான். உங்க தம்பி முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டு உக்காந்திருக்காரு!"

அதற்குள் அங்கிளிடமிருந்து போன் வந்தது. பெரிதாக்கிக் காட்டுகிற மெஷின் வந்துவிட்டதா, நான் கப்பலேறட்டுமா என்று கேட்டார். வாங்க என்றேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார் பாருங்கள், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. "அவருக்குத்தான் சரியாத் தெரியாதே. டிவில போட்டு, இதோ அந்த ரெண்டுன்னு சொல்லிட்டா என்ன? சந்தோசமாப் போயிருவாரு." கண் போன மனிதரிடம் இல்லாததைக் காட்டி ஏமாற்றச் சொல்கிறார்! நான் அன்று இரண்டு வேளை அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அங்கிள் வந்தார். ஒரு கையில் தடி, ஒரு கையில் தோட்டத்துத் தேங்காய்ப் பை. இஸ்திரி போட்ட சட்டை, தலையில் படிய எண்ணெய். கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். நாத்தனாரையும் வரச்சொல்லியிருந்தேன், செய்ததை அவரும் பார்க்கட்டும் என்று. வாசலிலேயே சொல்லிவிட்டேன். "அங்கிள், உங்க காசை எங்க வீட்டுல மெஷின் பாலிஷ் போட்டுட்டாங்க. அந்த ரெண்டு போயிடுச்சு. எனக்குத் தெரியாம நடந்துபோச்சு."

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பாலிஷ் போட்டா அழுக்குத்தானே போகும். எஃகுல அடிச்சதும்மா, அது எங்க போகும்? நீ போடு" என்றார்.

"இல்ல அங்கிள்..."

"நீ போடும்மா."

போட்டேன். டிவி முழுக்க ஒரு ஐந்து வந்து நின்றது, மொட்டையாக, வெளிச்சத்தில் கண் கூச. அவர் எழுந்து கிட்டே போனார். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே. நடுவில் இருக்கிற பொட்டை ஏமாற்றுவதற்காகத் தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் தேடினார். விரலைத் திரையில் வைத்தார். "இங்கயா?"

"இல்ல அங்கிள்."

"இங்க? வளைவுன்னு சொன்னியே, இதுவா?"

"அது வெளிச்சம் அங்கிள்."

"அப்ப இது? கீழ ஒரு கோடுன்னு சொன்னியே."

நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்கு அழுகை வரவில்லை. இப்போது அழுது என்ன புண்ணியம் என்று ஆத்திரம்தான் வந்தது.

அங்கிள் திரும்பவில்லை. விரலும் திரையிலேயே இருந்தது. "எப்ப நடந்துச்சு?"

"வரலட்சுமி நோன்புக்கு. எனக்குப் போன வாரம்தான் தெரியும். இவருக்கு அப்பவே தெரியும், சொல்லல" என்றேன். விடுவேனா?

"அப்பவேவா?" என்றார். "நோன்பு முடிஞ்சு நாலாம் நாளு எனக்கு ஊசிக்கு டேட் குடுத்திருந்தாங்க. தள்ளிப்போடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. கண்ணுக்குள்ள ஊசிம்மா, ஏதாச்சும் ஆகிட்டா? இத ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்னு நான்தான் தள்ளிப்போட்டேன். இந்த லெஃப்ட் கண்ணு அதுக்கப்புறம்தான் சுத்தமாப் போச்சு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "கேட்டீங்களா? கேட்டீங்களா? அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போன் பண்ணியிருப்பேன், அவரு டேட்டுக்குப் போயிருப்பாரு, ஒரு கண்ணாச்சும் மிஞ்சியிருக்கும்! காசு போனாப் போகுது, ஏங்க சொல்லல? இருநூறு வருசத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன், படிச்சானோ படிக்கலையோ, தன் தப்ப மறைக்காம ஊருக்கே காட்டினான். உங்களுக்கு ஏன் அது முடியல? சொல்லுங்க!"

அவர் அங்கிளைத்தான் பார்த்தார். "தப்புத்தான் சார். மன்னிச்சிருங்க. உங்களுக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து என் கத்தலுக்கு எதிர்ப்பேச்சுப் பேசியறியாத மனிதர், குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்:

"அவன் பக்கத்துல நீ நின்னிருந்தா அவனும் மறைச்சிருப்பான்."

நாத்தனாரின் அழுகை நின்றுவிட்டது. அவர் என் கையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், மெல்ல ஓரடி பின்னால் நகர்ந்தார். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பேரும் நான் கத்துவதற்காகக் காத்திருந்தார்கள். ஆமாம், மூன்று பேரும். என் கூச்சலைக் கேட்டுச் சிரிக்கிற அங்கிள், எங்கள் வீட்டுக்குள் வந்து காபிகூடக் குடிக்காத அந்தப் பெரியவர், திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டுத் தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு நின்றார்.